கோரைக்குட்டை ஈக்கள்

ஆம்பூர்,
அட்சய வருஷம் ஆவணி 13

அண்ணாவுக்குப் பட்டம்மாள் எழுதியது.

இங்கே மனிதர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். குதிரைக்குத்தான் உடம்பு சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மா கருமாதிக்குப் பிறகு நமக்குள் கடிதம் நின்றுபோயிற்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் இலை போட்ட பிறகு, உங்களுக்குச் சாப்பாடு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் சொல்லியிருக்கிறது என்றீர்கள். அதற்கு இவர், உறவுக்காரர்கள் முன்னால், "குதிரைக்கு ஊசி போட்றவரு, குதிர ஓட்றவன் ஊட்ல கை நனைக்க மாட்டாரா" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நீங்களும் செருப்பைக்கூட ஒழுங்காகப் போட்டுக்கொள்ளாமல் அடுத்த ரயிலுக்குப் போயிருக்கக் கூடாது. அம்மா உயிர் விட்டது இந்த வீட்டில்தானே. சரி, அது போகட்டும்.

செவலைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறது. ஒரு வாரம் நன்றாக இருக்கிறாள், பிறகு உடம்பு கொதிக்கிறது. கொள்ளும் புல்லும் வைத்ததை எல்லாம் தின்கிறாள், ஆனால் விலா எலும்பு தெரிகிறது. அடிவயிற்றில் தட்டுப்போல ஒரு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கண்ணில் நீர் வடிகிறது. நாட்டு மருந்து கொடுத்தாயிற்று, சூடும் போட்டாயிற்று. ஜட்கா ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை. அவளை விட்டால் இவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

இன்னொன்று. ஆடி மாதம் நீங்கள் ஆம்பூரில் முகாம் போட்டிருந்ததாக நயீம் அகமது சொன்னார். அவரும் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவர். எங்கள் லாயத்துக்கு அடுத்த லாயம் அவருடையது. "தங்கச்சி, உங்க அண்ணன் கோரைக்குட்டைல வலைய வெச்சினு ஈ புடிக்கிறாரு" என்றார். நான் நம்பவில்லை. கோரைக்குட்டை எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் தெரியும். அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றவர் தங்கை பெற்ற பிள்ளையை ஒரு தடவை பார்க்காமல் போவாரா என்று நயீமிடமே கேட்டேன்.

குழந்தைக்குத் தணிகாசலம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நீங்கள் வந்து குதிரையைப் பாருங்கள். இவர் ஒன்றும் பேசமாட்டார், நான் சொல்லிவைத்திருக்கிறேன்.

தங்கை,
பட்டம்மாள்


வேலூர்,
4-9-1926

சௌபாக்கியவதி பட்டம்மாளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நான் நினைத்தபோது வரவும் போகவும் என் உத்தியோகம் இடம் கொடுக்காது. ஜில்லா முழுவதற்கும் வெடரினெரி அஸிஸ்டெண்டுகள் சிலர்தான் இருக்கிறோம். துரையின் உத்தரவு இல்லாமல் ஆம்பூருக்கு வந்தால் பதில் சொல்லவேண்டிவரும்.

ஆடியில் வந்தது உண்மை. இலாகா வேலையாக வந்தேன், உறவு பார்க்க வரவில்லை. சுற்று வட்டாரத்தில் குதிரைகள் இளைத்து விழுவதற்குக் காரணமான குதிரை ஈ எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி உத்தரவு. நீ அதை வெறும் ஈ பிடிக்கிற வேலை என்று நினைத்தால் நான் என்ன செய்ய முடியும்.

அந்த ஈயைப் பற்றி உனக்குத் தெரிந்திருப்பது நல்லது. வீட்டு ஈயைப்போல நாலு மடங்கு பெரிது. உயிரோடு இருக்கும்போது கண் இரண்டும் பச்சையாக, குறுக்கே கோடு போட்டதுபோல மின்னும். செத்ததும் அந்தப் பச்சை போய்விடும். ஆண் ஈ பூவில் தேன் குடித்துப் பிழைக்கிறது, பெண் ஈக்குத்தான் ரத்தம் வேண்டும். கொசுவைப்போல ஊசி குத்தாது, கத்தரியால் வெட்டுவதுபோலத் தோலை வெட்டி, கசிகிற ரத்தத்தை நக்கும். வலி தாங்காமல் குதிரை உதறும். பாதி குடித்த ஈ பறந்து பக்கத்துக் குதிரைமேல் உட்கார்ந்து மிச்சத்தைக் குடிக்கும். முதல் குதிரை நோயாளியாக இருந்தால் அதன் ரத்தம் ஈயின் வாயில் ஈரமாக ஒட்டிக்கொண்டு இரண்டாவது குதிரைக்குப் போகிறது. அந்த நோய்க்கு சர்ரா என்று பெயர்.

கோரைக்குட்டை அதற்கு ஏற்ற இடம். தண்ணீருக்கு மேலே சாய்ந்த கோரைத் தண்டில் முட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிவைக்கிறது. இடும்போது வெள்ளை, அன்று மாலைக்குள் கருத்துப் பளபளக்கும். புழு பொரிந்து சேற்றில் விழுந்து, மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. மண்புழு, நத்தை, தன் இனம் எதையும் விடாது. ஒரே புட்டியில் பத்துப் புழுவைப் போட்டு வைத்தேன், மறுநாள் பார்த்தால் கொழுத்த ஒன்று மட்டும் இருந்தது. வளர்ந்ததும் சேற்றின் ஓரத்தில் ஈரம் குறைந்த மண்ணுக்கு ஊர்ந்துவந்து கூடு கட்டுகிறது. இதையெல்லாம் இந்த ஜில்லாவில் முதலில் கண்டு எழுதியது நான்தான். துரை அறிக்கையைப் பார்த்து மிகவும் திருப்தி தெரிவித்தார்.

குதிரையைக் குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம். பகலில் லாயத்தை இருட்டாக்கிச் சாணிப் புகை போடவும். நோய் முற்றியிருந்தால் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டலாம்.

மாப்பிள்ளை அன்று கேட்டதை நான் மறந்துவிட்டேன். மறந்ததை நீ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம்.

ஆதிகேசவன்


ஆம்பூர்,
புரட்டாசி 2

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் எழுத்துல ஈ இருக்குது, குதிர எங்க இருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எழுந்துபோய்ச் சாணிப் புகை போட்டார்.

வேலூருக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். நடக்கிற குதிரையாக இருந்தால் நாங்கள் ஏன் உங்களுக்கு எழுதுகிறோம். இருந்தாலும் விடியற்காலையில் இவர் கிளம்பினார். வண்டியில் பூட்டாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தெருமுனை வரை போனேன். மாதனூர் தாண்டுவதற்குள் செவலைக்குப் பின்னங்கால் பின்னிக்கொண்டது. குடித்தவன்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். போகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் நின்று யோசனை சொன்னார்களாம். ஒருவர், "தூக்கினு போற சரக்கா இது, உட்டுட்டுப் போ" என்றாராம். இவர் வெயில் தாழும்வரை தன் மேல்துண்டை நனைத்து அவள் தலைமேல் போட்டு, ஈயை ஓட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்த்தித் திரும்ப நடத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வந்ததும் ஒன்றும் சாப்பிடவில்லை. "அவுரு இங்க வந்தப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அந்தக் குட்டைல தண்ணி காட்டியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஆடி முழுக்க செவலையை அங்கேதான் குளிப்பாட்டினார். ஸ்டேஷன் தொட்டியில் தண்ணீர் வற்றியிருந்தது, எல்லா ஜட்காக்காரர்களும் அங்கேதான் போனார்கள்.

நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நயீமின் மனைவி பில்கிஸ் ஒரு விஷயம் சொன்னாள். ஆடி கடைசியில் ஒருநாள் நீங்கள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் தெருமுனை வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனதைப் பார்த்தாளாம். அதை இவரிடம் சொன்னேன். "பாருங்க, வரணும்னு மனசு இருந்திருக்குது, கால்தான் வரல" என்றேன். இவரும் தலையாட்டினார்.

உத்தரவு வாங்கிக்கொண்டு வாருங்கள், அண்ணா. அவள் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள்.

பட்டம்மாள்


வேலூர்,
21-9-1926

பட்டம்மாளுக்கு,

உத்தரவு கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை பாஸஞ்சரில் வருகிறேன். ரத்தம் எடுத்து அங்கேயே மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பார்ப்பேன். சர்ரா என்று தெரிந்தால் சட்டம் ஒன்றுதான், சுட்டுவிட வேண்டும், அதை மாற்ற என்னால் ஆகாது. ஒரு குதிரைக்காக ஸ்டாண்டில் நிற்கிற மற்றக் குதிரைகளைப் பலி கொடுக்க முடியாது. புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, ஆனால் அது பட்டாளத்துக் குதிரைகளுக்கே போதவில்லை. ஜட்காக் குதிரைக்குக் கேட்டு எழுதினால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போலீஸ்காரர் ஒருவரும் கூட வருவார், அது வழக்கம்தான். மாப்பிள்ளையைத் தர்க்கம் பண்ணாமல் இருக்கச் சொல்.

ஆதிகேசவன்


ஆம்பூர்,
புரட்டாசி 24

அண்ணாவுக்கு,

நீங்கள் வந்துபோய் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். முன்பே உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

சுட்டது சரி என்றே இவர் சொல்கிறார். அதை முதலில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். "அது பட்ற கஷ்டத்துக்கு அதான் நல்லது, மத்த குதிரைக்கும் வந்துட்டா யாரு பதில் சொல்றது" என்றார்.

நீங்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு "சர்ரா" என்று ஒரே வார்த்தை சொன்னீர்கள். இவர் உள்ளே போய் ஒரு படி கொள்ளு எடுத்துவந்து வைத்தார். போலீஸ்காரர் அவசரப்படுத்தினார். நீங்கள் கையைக் காட்டி அவரை நிறுத்தினீர்கள், அது ஞாபகம் இருக்கிறது. அவள் தின்று முடிக்கும்வரை நின்றீர்கள். அதற்காக அன்றைக்கு உங்கள்மேல் எனக்கு நன்றி இருந்தது.

"எங்க வெச்சிச் சுடுவீங்க?" என்று இவர் கேட்டார். ஆற்று மணலில் என்றீர்கள். "நானே இட்டுனு வர்றேன். வேற யாராச்சும் புடிச்சா மெரளுவா" என்றார். பாலாற்று மணலில் நடக்க அவளுக்குக் கால் புதைந்தது. இவர் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே போனதை நான் கரையிலிருந்து பார்த்தேன். கண்ணைக் கட்டட்டுமா என்று இவர் கேட்டதும், தேவையில்லை என்று நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுப் பிள்ளை அழுதான்.

திரும்பி வரும்போது வாசலில் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றேன். உத்தியோக நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தண்ணீர் குடிக்கவுமா உத்தரவு வேண்டும்?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். போன வாரம் நயீமின் குதிரையும் அதே நோயில் செத்தது. அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே, "அந்தக் கறுப்பு மட்டக்குதிரைய அங்க கட்டாம இருந்திருக்கணும்" என்றார். எந்தக் கறுப்புக் குதிரை என்றேன். ஆடியில் நீங்கள் ஈ பிடித்த நாளெல்லாம் குட்டைக் கரையில் ஒரு கறுப்பு மட்டக்குதிரையை முளையடித்துக் கட்டியிருந்தீர்களாம். எலும்பும் தோலுமாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதாம். ஈக்கள் அதன்மேல் மொய்க்க, நீங்கள் வலை வீசுவீர்களாம். அதற்கு அந்தப் பக்கத்தில்தான் செவலையும் நயீமின் குதிரையும் தண்ணீரில் நின்றன.

அது யார் குதிரை? அதற்கு என்ன நோய்? இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். வேறொன்றும் எழுதவேண்டாம்.

பட்டம்மாள்


வேலூர்,
16-10-1926

பட்டம்மாளுக்கு,

ஜட்காக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ எனக்குக் கேள்வி அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

அந்தக் குதிரை தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளி முனீர் அகமது சாயபுவினுடையது. ஆவாரம்பட்டை வண்டி இழுத்து வயதாகிப்போன குதிரை. குதிரை ஈயைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு பிராணியைக் கட்டித்தான் ஆகவேண்டும், இது எல்லா நாட்டிலும் உள்ள முறை. கறுப்பு நிறத்தைத்தான் அந்த ஈ முதலில் தேடி வரும், அதனால் கறுப்புக் குதிரையை எடுத்தேன். கட்டுவதற்கு முன் அதன் ரத்தத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இந்த நோயின் கிருமி சில நாள் ரத்தத்தில் நிறைந்திருக்கும், சில நாள் தேடினாலும் அகப்படாது. அது என் குற்றமல்ல, நோயின் குணம்.

சந்தேகம் வந்தவுடன் அந்தக் குதிரையைச் சுட்டுப் புதைக்க ஏற்பாடு செய்தேன். குட்டைக்குக் குதிரைகளைக் கொண்டுபோகக் கூடாது என்று தண்டோராவும் போடச் சொன்னேன். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தன் செய்யவேண்டியது அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ச் சொல்ல எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அதிலும் ஒரு வாசலில் எனக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

உன் குதிரைக்கு அந்தக் கறுப்புக் குதிரையிடமிருந்துதான் நோய் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஈ எங்கேயிருந்தும் பறந்துவரும். சந்தைக்கு வரும் குதிரைகள் எத்தனை, பெங்களூர் ரோட்டில் போகிற குதிரைகள் எத்தனை.

தீபாவளிக்கு உனக்கும் குழந்தைக்கும் துணி எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஜோலார்பேட்டை ரயில் கார்டு ஒருவர் தெரிந்தவர், அவரிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணன் சீர் செய்யவில்லை என்ற பேச்சு வேண்டாம். உன் அண்ணி அமிர்தவள்ளி பார்த்து எடுத்த சேலை.

ஆதிகேசவன்


ஆம்பூர்,
ஐப்பசி 25

வெடரினெரி அஸிஸ்டெண்டு ஆதிகேசவன் அவர்களுக்கு,

சேலையும் குழந்தை சட்டையும் அதே கார்டிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. பிரித்துப் பார்க்கவில்லை. அண்ணியிடம் சேலை பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்.

தண்டோரா போட்டது உண்மைதான், விசாரித்தேன். கடைத்தெருவில், மெயில் ரயில் வருகிற நேரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஜட்காக்காரர்கள் எல்லோரும் எங்கே இருப்பார்கள் என்று ஆம்பூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மளிகைக் கடைக்காரரும் வெற்றிலைக்காரியும் கேட்டார்கள். அவர்களிடம் குதிரை இல்லை.

இவர் இப்போது முனீர் சாயபுவின் ஷாப்பில் வேலைக்குப் போகிறார். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை. சாயபு இரக்கப்பட்டுக் கொடுத்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடிவாளம் பிடித்த கை, சுண்ணாம்பு தாங்கவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. சோறு பிசைந்தால் எரிகிறது என்று ஸ்பூன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளையைத் தூக்கினால் அவன் உடம்பில் சொரசொரவென்று படுகிறது, அவன் அழுகிறான். அதனால் இவர் தூக்குவதில்லை.

ஒருநாள் சாயபு குழிப்பக்கம் வந்தபோது இவர் அந்தக் கறுப்புக் குதிரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உங்களை மாட்டிவிட வேண்டும் என்று கேட்கவில்லை. செத்துப்போன குதிரையைப் பற்றிக் குதிரைக்காரன் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். சாயபு சொன்னது இது: "அதுக்கு அடிவயிறு வீங்கி, காச்சல் வந்து வந்து போச்சு கன்னியப்பா. நான் உங்க மச்சானக் கூப்புட்டு, கஷ்டப்படாம சுட்டுடுங்கன்னு சொல்லித்தான் ஒப்படைச்சேன். அவுருதான், கொஞ்ச நாள் இருக்கட்டும், எனக்கு வேல இருக்குதுன்னாரு."

இவர் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லவில்லை. நயீம் சொல்லித்தான் தெரியும். நான் கேட்டதற்கு, "உனுக்கு ஒரே அண்ணன். எதுக்கு பேஜாரு, உடு" என்றார்.

அடிவயிறு வீக்கம் என்றால் என்னவென்று எனக்கே இப்போது தெரியும். உங்களுக்கு அன்றைக்கே தெரியாதா? ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினீர்கள், சரி. கட்டுவதற்கு முன் பார்த்தீர்கள். கட்டிய பிறகு பார்க்கவேயில்லையா? பார்க்காமலா ஒருநாள் திடீரென்று சுடச் சொன்னீர்கள், தண்டோரா போடச் சொன்னீர்கள்?

பில்கிஸை மறுபடி கேட்டேன். நீங்கள் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது எந்த நாள் என்று. கறுப்புக் குதிரையைச் சுட்ட சத்தம் கேட்டாளே, அன்றைக்குத்தான் என்றாள். அப்போது இவர் வாசலில் உட்கார்ந்து செவலைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாராம். நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்களாம்.

நான் அதை வைத்துத்தான் உங்களுக்காக இவரிடம் பேசினேன். தங்கையைப் பார்க்க வந்தார், வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். நீங்கள் வந்தது என்னைப் பார்க்க இல்லை. சொல்லவேண்டிய ஒரு வார்த்தையோடு வந்து, அதைச் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கிறீர்கள். இவர் மறுபடி ஏதாவது கேட்டுவிடுவார் என்றா? கேட்டிருக்க மாட்டார். குதிரையைக் காப்பாற்ற வந்தவர் காலில் விழுந்திருப்பார்.

அன்றைக்கு மறுநாளும் செவலை அந்தக் குட்டைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

பட்டம்மாள்


வேலூர்,
20-2-1927

பட்டம்மாளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. வேலை அதிகம். நடந்ததைப் பற்றி இனி எழுதிப் பயனில்லை என்றும் நினைத்தேன். இப்போதும் அதுதான் என் எண்ணம்.

எனக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஓசூர்ப் பக்கம், கொஞ்சம் பெரிய உத்தியோகம். ஆம்பூர் ஈயின் மாதிரிகளைச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து சீமைக்கும் போய், இன்ன ஜாதி என்று பெயர் எழுதி வந்துவிட்டது. அச்சுப் போட்ட அறிக்கையில் கோரைக்குட்டையின் பெயரும் அடியில் பொடி எழுத்தில் என் பெயரும் இருக்கிறது. குட்டையை மூடவேண்டும் என்ற என் சிபாரிசும் ஏற்கப்பட்டிருக்கிறது. ஷாப்புகளில் கழித்த ஆவாரம்பட்டையைக் கொட்டித் தூர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். இனி அங்கே யாருடைய குதிரைக்கும் இந்தக் கதி வராது. ஒரு நோய் வந்தால் சில பிராணிகள் போகத்தான் செய்யும். அதிலிருந்து பத்துப் பிராணிகள் பிழைத்தால் அதை வீண் என்று சொல்லக்கூடாது. மாப்பிள்ளைக்கு இது புரியும், அவர் நியாயம் தெரிந்தவர்.

நான் எழுத வந்தது வேறு. தணிகாசலத்துக்குக் காது குத்துகிற வயது வந்துவிட்டது. ஓசூர் போவதற்கு முன் தேதி வைத்துத் தெரியப்படுத்தினால் நானும் அமிர்தவள்ளியும் வருகிறோம். அவள் குழந்தைக்கென்று கடுக்கன் செய்து வைத்திருக்கிறாள். தினம் எடுத்துத் துடைத்து வைக்கிறாள். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். அது என் உரிமை, அதை நீ மறுக்கமாட்டாய். உன் வீட்டில் சாப்பிடுகிறேன். அதையும் எழுதிவிட்டேன்.

ஆதிகேசவன்


ஆம்பூர்,
பங்குனி 5

அண்ணாவுக்கு,

கடைசியாக இப்படி எழுதுகிறேன்.

தணிகாசலத்துக்குக் காது குத்தியாயிற்று. உங்கள் கடிதம் வந்த மறு வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டோம். வேண்டுமென்றேதான் சீக்கிரம் வைத்தேன்.

குட்டையைத் தூர்த்துவிட்டார்கள். பட்டைக் கழிவு ஊறி வீசுகிற நாற்றத்தில் கொல்லைக் கதவைத் திறப்பதில்லை. ஷாப்புத் தண்ணீர் முன்னே குட்டைக்குப் போகும். இப்போது போக வழியில்லாமல் ரயில்பாதை ஓரமாகத் தேங்கி, சேறாகி, அங்கே கோரை முளைத்திருக்கிறது. மழை வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் பழைய கடிதத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். அச்சுப் போட்ட அறிக்கையில் அதற்கும் இடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

காதுகுத்துக்குப் பெரிய கூட்டம் இல்லை. ஆசாரி வந்து பலகையில் உட்கார்ந்து, ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டே, "தாய்மாமன் யாருப்பா, வந்து உக்காருங்க" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் நயீம் அகமதுவிடம் கொடுத்தேன். அவர் பயந்துபோய், "தங்கச்சி, நான் எப்டி, உங்க ஆளுங்க இன்னா சொல்லுவாங்க" என்றார். "உங்க குதிரையும் எங்க குதிரையும் ஒண்ணாதானே போச்சு, உக்காருங்க" என்றேன். ஆசாரி கொஞ்சம் தயங்கினார். இவருடைய பெரியப்பா ஒருவர் எழுந்து வெளியே போனார். பில்கிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். நயீம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். பிள்ளை அலறினான், அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். அவர் அழுதாரா வலியில் கண் கலங்கினாரா தெரியவில்லை. தாய்மாமனுக்கு வைத்த தட்டில் வெற்றிலை பாக்கும் வேட்டியும் இருந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். இவர் உங்களைத் தடுத்தார் என்று நினைத்து ஓசூரில் உட்கார்ந்து ஆறுதல் படாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று இவர் வெடித்த கையோடு அதை வாங்கி என்னிடம் மறுபடி படிக்கச் சொன்னார். உன் வீட்டில் சாப்பிடுகிறேன் என்ற இடம் வந்ததும், "சாப்புடறேன்னு எழுதிட்டாரே பட்டம்மா. அது போதும். கூப்புடு. அவுருதான் தாய்மாமன், வேற யாரு உக்கார்றது" என்றார். மூன்று நாள் சொன்னார். காதுகுத்து அன்று காலையில்கூட, இன்னும் ரயில் இருக்குது, தந்தி குடுத்துட்டு வர்றேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

கதவை மறித்துக்கொண்டு நின்றவள் நான்.

பட்டம்மாள்